தீர்த்தம் குடித்த லேப்டாப்

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வரி. ஏதோ ஒரு கோப்பைக் காணவில்லையாம், ஓஎஸ் சிடியைப் போட்டுவிட்டு மறுபடியும் தொடங்க வேண்டுமாம். எந்தப் பட்டனைத் தட்டினாலும் அதே வரி. சிடி என்னிடம் இருந்தது. தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில், லேப்டாப்பைக் கட்டைப்பையில் வைத்து மடியில் சுமந்துகொண்டு போய் வாங்கி வந்த சிடி. அதைப் போடுவதற்கான டிரைவ்தான் செத்துப்போயிருந்தது. அதைக் கொன்றது எங்கள் குடும்பம்தான். தீர்த்தம் தெளித்துக் கொன்றோம்.

எங்கள் ஊர் திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கம். நான் வாழ்க்கைப்பட்டு வந்த ஊர். என் கணவர் குவைத்தில் ஏசி மெக்கானிக். அவரோடு ஒரே அறையில் இருந்தவர் புது லேப்டாப் வாங்கியபோது பழையதை இவர் வாங்கி, லீவில் வந்த ஒருவர் கையில் கொடுத்தனுப்பினார். 'இனிமே முகத்தைப் பாத்துப் பேசலாம்' என்று போனில் சொன்னார். பேட்டரி மட்டும் நிற்காது, கரண்ட் போனால் லேப்டாப்பும் போய்விடும் என்பதைச் சொல்ல மறந்துவிட்டார். அதை நானே கண்டுபிடித்தேன்.

நாங்கள் வேதக்காரர்கள், கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள். எங்கள் பக்கத்தில் புதிதாக எது வந்தாலும் மந்திரிக்காமல் தொடமாட்டோம். டிராக்டர், பம்பு செட், பைக், தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்தாக வேண்டும். மந்திரிக்கும்போது பொருளை மூடி வைக்கக் கூடாது. கார் என்றால் நாலு கதவு, பானெட், டிக்கி அத்தனையும் திறந்திருக்கும். கோயில் வாசலில் அப்படி வாயைப் பிளந்துகொண்டு நிற்கும் வண்டிகளை ஞாயிற்றுக்கிழமைதோறும் பார்க்கலாம். மூடியிருந்தால் ஆசீர்வாதம் உள்ளே இறங்காது என்பது என் மாமியாரின் உறுதியான எண்ணம். அத்தையிடம் எண்ணங்கள் எல்லாமே உறுதியாகத்தான் இருக்கும்.

லேப்டாப்பைக் கோயிலுக்குக் கொண்டுபோனோம். மூடியைத் திறந்தேன். கீபோர்டு நனையக் கூடாதென்று சேலைத் தலைப்பால் அதை மூடிப் பிடித்துக்கொண்டேன். அந்த அளவுக்கு எனக்கு அறிவு இருந்தது. அத்தை பக்கவாட்டில் குனிந்து பார்த்தார்.

"இதுல ஒரு வாய் இருக்கே, அதையும் திறம்மா."

"அது சிடி போடுறது அத்தை."

"எதுவா இருந்தா என்ன? திற."

பட்டனை அமுக்கினேன். தட்டு நாக்கை நீட்டுவதுபோல் வெளியே வந்தது. சாமியார் மந்திரம் சொல்லி முடித்தார். "கொஞ்சமா தெளிங்க சாமி" என்றேன் நான். "நல்லா தெளிங்க சாமி" என்றார் அத்தை. அத்தைதான் மாதா சபைத் தலைவி, சாமியார் யார் சொல்வதைக் கேட்பார்? தெளித்தார். வெளியே நீட்டியிருந்த தட்டில் தீர்த்தம் குளம் கட்டி நின்றது. நான் துடைப்பதற்குள் அத்தை பக்தியோடு அதை உள்ளே தள்ளிவிட்டார். உள்ளே கர்ர்ர் என்று ஒரு சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அந்த டிரைவ் எந்த சிடியையும் படிக்கவில்லை.

மற்றதெல்லாம் வேலை செய்தது. அதனால் அப்போது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அத்தை, "பாத்தியா, மந்திரிச்சதாலதான் மத்ததெல்லாம் தப்பிச்சிது" என்றார். இப்படிப் பேசுகிறவரிடம் என்னத்தைச் சொல்வது?

எனக்கு அந்த லேப்டாப் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். முகம் பார்த்துப் பேசுகிற ஆசைக்காக மட்டும் நான் அலையவில்லை.

அந்த வருஷம் சம்பாவுக்கு நாற்று விட்ட வாரத்தில் மாமா, என் மாமனார், வயலில் விழுந்துவிட்டார். வரப்பில் நின்று தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். வலது பக்கம் வாதம் அடித்துவிட்டது. தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் வைத்திருந்து கூட்டிவந்தோம். பேச்சு ஓரளவு திரும்பியது, கொஞ்சம் குழறும். கால் இழுத்து இழுத்து வைத்தால் பத்தடி நடப்பார். வலது கை மட்டும் வரவே இல்லை. மடியில் வைத்தால் மடியில், கட்டிலில் வைத்தால் கட்டிலில், யாருடைய கையோபோல் கிடந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அத்தை என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டார். கைப்பையில் வைத்திருந்த மாதா படத்தின் மேல் என் கையை எடுத்து வைத்து, "குவைத்துல இருக்கவன்கிட்ட இதைப் பத்தி உன் வாயிலேருந்து ஒரு வார்த்தை போகக் கூடாது" என்றார். நான் அழுதுகொண்டிருந்த நேரம். என்ன சொன்னாலும் சரி என்று சொல்லியிருப்பேன்.

அத்தை கொடுமைக்காரி இல்லை. அவரும் மாமாவும் கலியாணமான புதிதில் ஊரார் வயலில் கூலிக்கு நடவு நட்டவர்கள். அவர்கள் நட்ட வயல்களில் ஒன்றையே பின்னால் மாமா விலைக்கு வாங்கினார். வீடு கட்டத் தொடங்கிச் சுவர் எழும்பி, கூரைக்குக் காத்து நின்றது. "அவன் வந்துட்டா திரும்பப் போகமாட்டான். அப்பனைப் பாத்தான்னா போகமாட்டான். நாங்க சேத்துல நின்ன மாதிரி அவனும் நிக்கணுமா?" என்று கேட்டார். ஆனால் அவர் கேட்ட கேள்வியை அவருடைய மகனிடம் அல்லவா கேட்க வேண்டும்? என்னிடம் கேட்டு என் வாயை அடைத்தால் சரியாகிவிடுமா?

பிறகு தொடங்கியது நாடகம். என் கணவர் வாரத்துக்கு ஒருமுறை போன் செய்வார். மாமாவின் குழறலுக்கு, "அப்பாவுக்குப் பல்லு புடுங்கியிருக்குப்பா" என்று அத்தை காரணம் சொன்னார். ஒரு மனிதனுக்கு எத்தனை பல்தான் பிடுங்குவார்கள்? மாதக்கணக்கில் பிடுங்கினோம். 'நடவு ஆச்சாப்பா?' என்பார் அவர். 'ஆச்சுய்யா' என்பார் மாமா. வயலில் நின்று நடவு பார்த்தது நான். 'களை எடுத்தாச்சா?' 'எடுத்தாச்சுய்யா.' அதுவும் நான்தான். எனக்கு அது கஷ்டமாக இல்லை. அந்தப் போன் பேச்சின் கடைசிதான் என்னால் தாங்க முடியாமல் இருந்தது.

எங்கள் வீடுகளில் பிள்ளைகள் பயணம் கிளம்பும்போது பெரியவர்கள் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டு அனுப்புவார்கள். அவர் குவைத்துக்குக் கிளம்பிய ஒவ்வொரு தடவையும் மாமாதான் போடுவார், வலது கையால்தான் போடுவார். அதற்கென்று ஒரு முறை உண்டு. இடது கையால் சிலுவை போடுவது எங்கள் ஊரில் நினைத்துப் பார்க்க முடியாத விஷயம். போனில் பேசி முடிக்கும்போதும் அவர், "அப்பா, சிலுவை போடுங்க" என்பார். மாமா அந்தப் பக்கத்தில் இருக்கும் மகனுக்காகக் காற்றில் போடுவார். நோய்க்குப் பிறகு கை மடியிலேயே கிடக்க, "போட்டுட்டேன்யா" என்று சொல்லிவிட்டு ரிசீவரை அத்தையிடம் நீட்டிவிடுவார். அப்புறம் கொஞ்ச நேரம் யார் முகத்தையும் பார்க்கமாட்டார்.

லேப்டாப் வந்த அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது. என் வாயிலிருந்துதானே வார்த்தை போகக் கூடாது? கேமராவுக்கு வாய் கிடையாது. என் கணவர் தன் கண்ணாலேயே பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும். மாதாவிடம் நான் செய்த சத்தியமும் நிற்கும். இப்படியெல்லாம் யோசிக்க வைத்துவிட்டார்களே என்று என் மேலேயே எனக்கு எரிச்சலாக இருந்தது.

அவசரமும் இருந்தது. அவருடைய கம்பெனியில் ஒப்பந்தம் முடிகிற நேரம். அடுத்ததில் கையெழுத்துப் போட்டால் இரண்டு வருஷத்துக்கு லீவு கிடையாது. தை கடைசியில் காகிதம் வரும் என்று சொல்லியிருந்தார். மாமா இரண்டு வருஷம் இருப்பார் என்று யாரால் சொல்ல முடியும்? என் கணவர் வர வேண்டும் என்று எனக்கு இருந்தது. அதை மறைக்க என்ன இருக்கிறது? ஆனால் வராவிட்டாலும் பரவாயில்லை, தெரிந்து முடிவெடுக்கட்டும் என்பதுதான் என் பிடிவாதம்.

வீட்டுப் போனுக்கு பிராட்பேண்ட் எழுதிக் கொடுத்து, அது வந்து சேர அறுவடை ஆகிவிட்டது. வந்த வாரத்தில் லேப்டாப் ஏதோ அப்டேட் செய்துகொண்டிருந்தபோது கரண்ட் போனது. பேட்டரி நிற்காத லேப்டாப்பும் கூடவே போனது. மறுபடி போட்டபோதுதான் அந்தக் கறுப்புத் திரையும், சிடியைப் போடு என்கிற வரியும். எந்த வாயில் தீர்த்தம் ஊற்றிக் கொன்றோமோ அதே வாயில் சிடியைப் போடச் சொல்லிக் கேட்கிறது. எனக்கு அதை வாய்க்காலில் எறிந்துவிடலாம் போல இருந்தது.

தஞ்சாவூர்க் கடைக்காரர் லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்த மாடலுக்கு டிரைவ் சென்னையிலிருந்து வர வேண்டும், வருமா என்றே தெரியாது, விட்டுவிட்டுப் போங்கள் என்றார். எப்போது கிடைக்கும் என்றால், "போன் பண்றோம் மேடம்." வெளியில் மாட்டுகிற டிரைவ் இருக்கிறதா என்றால், "இருந்துச்சு மேடம், குடுத்துட்டோம்." யாரிடம் கொடுத்தார்கள், ஏன் கொடுத்தார்கள் என்று நான் அங்கே சண்டை போட்டேன். அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. சிடியை மட்டும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

நான் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள். ஊரில் என்னைக் கம்ப்யூட்டர் படித்த மருமகள் என்றுதான் சொல்வார்கள். கம்ப்யூட்டரின் தலைமுறைகளைப் பற்றிப் பத்து மார்க் கேள்விக்கு விடை எழுதச் சொன்னால் இப்போதும் எழுதுவேன். ஓஎஸ் போட யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. லேபில் மெஷின் கெட்டால் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் பக்கத்து மெஷினுக்குப் போய்விடுவோம். கூடப் படித்த தோழி ஒருத்தி சென்னையில் ஐடி கம்பெனியில் இருந்தாள். அவளுடைய மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போன் செய்தேன்.

"பென் டிரைவ்ல போடலாம்டி, ரொம்ப ஈஸி" என்றாள்.

இந்த ஈஸி என்கிற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு இன்றைக்கும் உடம்பு எரியும்.

சிடியில் இருப்பதைப் பென் டிரைவில் ஏற்ற இன்னொரு கம்ப்யூட்டர் வேண்டும். திருக்காட்டுப்பள்ளியில் ஒரு பிரௌசிங் சென்டர் இருந்தது. ஓனர் தலைக்கு மேல் 'மெஷினில் எதையும் இன்ஸ்டால் செய்யக் கூடாது' என்று எழுதி ஒட்டியிருந்தார். நான் இன்ஸ்டால் செய்யவில்லை, காப்பிதான் செய்கிறேன் என்று உட்கார்ந்து, சிடியில் இருந்த எல்லாவற்றையும் அப்படியே பென் டிரைவுக்கு இழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வந்து சொருகினால் அதே கறுப்புத் திரை, அதே வரி. மறுநாள் தோழி சிரித்தாள். "காப்பி பண்ணா பத்தாதுடி, அதை பூட் ஆகுற மாதிரி மாத்தணும்." இதை முந்தின நாளே சொன்னால் என்ன?

மாற்றுவதற்குக் கறுப்பு ஜன்னலைத் திறந்து கட்டளைகளை அடிக்க வேண்டும். தோழி போனில் எழுத்து எழுத்தாகச் சொல்ல, நான் தோளில் செல்போனை இடுக்கிக்கொண்டு அடித்தேன். பிரௌசிங் சென்டர்க்காரர் பின்னால் வந்து நின்று பார்த்தார். அவருக்கு அந்தக் கறுப்பு ஜன்னலைப் பார்த்ததும் பயம் வந்துவிட்டது.

"என்னம்மா பண்றீங்க? ஹேக்கிங்கா?"

"பென் டிரைவைச் சுத்தம் பண்றேன் சார்."

"எங்க மெஷினைச் சுத்தம் பண்ணிடாதீங்க. எந்திரிங்க, எந்திரிங்க."

அவர் எழுப்பிவிடுவதற்குள் வேலை முடிந்திருந்தது. வீட்டில் வந்து சொருகினேன். மறுபடியும் அதே வரி. அந்த லேப்டாப் பென் டிரைவை எட்டிப் பார்க்கவே இல்லை. சிடி டிரைவில்தான் முதலில் தேடும், அங்கே ஒன்றும் இல்லையென்று ஹார்டு டிஸ்குக்குப் போகும். பென் டிரைவில் முதலில் தேடு என்று அதற்குச் சொல்ல வேண்டும். சொல்வதற்கு ஆன் செய்த நொடியில் கீபோர்டின் மேல்வரிசையில் ஒரு பட்டனை அமுக்க வேண்டும். எந்தப் பட்டன்? தோழிக்குத் தெரியாது, ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொன்று. ஒரு பக்கத்திலிருந்து வரிசையாக அமுக்கிப் பார்த்தேன். முந்தி அமுக்கினால் ஏற்காது, பிந்தினால் கறுப்புத் திரை. நீலத் திரை வந்து, பட்டியலில் பென் டிரைவை மேலே ஏற்றி, சேமித்து வெளியே வந்து, 'கோப்புகள் ஏறுகின்றன' என்று முதல் தடவையாக ஒரு நல்ல வார்த்தையை அந்தத் திரை சொன்னபோது கரண்ட் போனது.

அறிவித்த மின்வெட்டு ஒன்று உண்டு, அறிவிக்காதது ஒன்று உண்டு. அறிவித்ததை நம்பி மற்ற நேரத்தில் தொடங்கினால் அறிவிக்காதது வரும். எவ்வளவு ஏறியது என்று திரையில் காட்டுகிற கோடு பாதி வரை வரும், முக்கால் வரை வரும், போய்விடும். மறுபடி முதலிலிருந்து. அத்தை முறத்தை வைத்துக்கொண்டு புடைத்தபடி என்னைப் பார்ப்பார்.

"ஏம்மா இப்படி உடம்பைக் கெடுத்துக்கிற? போன்லதான் பேசுறோமே. அது போதாதா?"

"போதாது அத்தை" என்றேன். அதற்கு மேல் பேசினால் வேறு எங்கோ போய் நிற்கும் என்று இருவருக்கும் தெரியும். அவர் முறத்தை இன்னும் வேகமாகத் தட்டினார்.

கரண்ட் போகாத ஒரே இடம் எங்கள் ஊரில் கோயில்தான். ஞாயிற்றுக்கிழமைப் பூசை நேரத்தில் மைக் செட் நிற்கக் கூடாதென்று ஜெனரேட்டர் ஓடும். சனிக்கிழமை சாமியாரிடம் போய் நின்றேன். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது.

"நான் தெளிச்சதாலயா கெட்டுச்சு?"

"இல்ல சாமி, கொஞ்சம் அதிகமா தெளிச்சதால."

"சக்ரீஸ்துல ஒரு பிளக் பாயின்ட் இருக்கும்மா. பூசை நேரத்துல போட்டுக்க. சத்தம் மட்டும் வராம பாத்துக்க" என்றார்.

சக்ரீஸ்து என்பது பீடத்துக்குப் பக்கத்து அறை, சாமியார் உடுப்பு மாற்றுகிற இடம். மெழுகுவர்த்திப் பெட்டிகளுக்கும் சாம்பிராணித் தூபத்துக்கும் நடுவில், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து லேப்டாப்பை மாட்டினேன். அந்தப் பக்கம் வருகைப் பாடல் தொடங்கியது, இந்தப் பக்கம் கோப்புகள் ஏறத் தொடங்கின. முதல் வாசகம் முடிந்தது, கோடு கால்வாசி. நற்செய்தி, கோடு பாதி. பிரசங்கம் தொடங்கும்போது ஏறி முடிந்து, லேப்டாப் தானாக அணைந்து மறுபடி எழுந்தது. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. துடைத்துவிட்டுப் பார்க்கிறேன், முதலில் கேட்ட கேள்வியையே மறுபடி கேட்கிறது. எந்த மொழி, எந்த நாடு, தொடங்கலாமா? மறுபடியும் கோப்புகள் முதலிலிருந்து ஏறத் தொடங்கின.

சாமான்களை எடுத்து எறியாமல் இருந்ததற்குக் காரணம் அவை எல்லாம் மந்திரித்த பொருள்கள். வெளியே சாமியார் பொறுமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பிரசங்கத்தின் ஒவ்வொரு வார்த்தையும் ஸ்பீக்கரில் என் மண்டையில் விழுந்தது. ஏன் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது என்று யோசித்தேன். பென் டிரைவில் முதலில் தேடு என்று நானேதான் சொல்லி வைத்திருக்கிறேன். எழுந்ததும் அது அங்கேதான் போகிறது, போனால் மறுபடி தொடங்கத்தானே செய்யும்? அணைகிற நேரத்தில் பென் டிரைவைப் பிடுங்க வேண்டும். இதையும் தோழி சொல்லவில்லை, அவளுக்கு இது ஈஸி.

வாழ்க்கையில் முதல் தடவையாகப் பிரசங்கம் நீள வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். நீண்டது. காணிக்கைப் பாடல் நேரத்தில் கோடு முக்கால் ஆனது. நற்கருணைக்கு மணி அடித்தபோது நான் முழங்காலில் இருந்தேன், கண் மட்டும் திரையில் இருந்தது. கோப்புகள் ஏறி முடிந்து திரை இருண்ட அந்த நொடியில் பென் டிரைவைப் பிடுங்கினேன். எழுந்தது. கேள்வி கேட்கவில்லை. நன்றிப் பாடல் முடிந்து மைக்கை அணைத்து, ஜெனரேட்டரை நிறுத்தப் போன ஆளை வாசலில் மறித்து, "அண்ணே, கொஞ்சம் பொறுங்க" என்று நிற்க வைத்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். உள்ளே லேப்டாப் நீல வானத்தைக் காட்டியது.

சந்தோஷப்பட்டது சாயங்காலம் வரைக்கும்தான். பிராட்பேண்ட் வயரை மாட்டினால் அப்படி ஒரு வயரே இல்லை என்றது லேப்டாப். கேமராவும் இல்லை, சத்தமும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டிரைவர் போட வேண்டுமாம். இன்டர்நெட் வேலை செய்ய வேண்டிய டிரைவர் இன்டர்நெட்டில் இருக்கிறது. அல்லது லேப்டாப்போடு வந்த சிடியில் இருக்கிறது. அந்த சிடி குவைத்திலேயே தங்கிவிட்டது. மேஜையில் தலையை வைத்து உட்கார்ந்துவிட்டேன். மாமா கட்டிலிலிருந்து, "முடியலன்னா விடும்மா" என்று மெதுவாகச் சொன்னார். நான் அலைவது அவருக்காகத்தான் என்று அவருக்குத் தெரியுமா என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

மறுபடி பிரௌசிங் சென்டர். இந்த முறை ஓனர் என்னைத் தன் பக்கத்து மெஷினிலேயே உட்கார வைத்துக்கொண்டார், கண்காணிக்க வசதியாக. தவறான டிரைவர், பழைய டிரைவர், பாதியில் நின்ற டவுன்லோடு. ஊருக்கும் திருக்காட்டுப்பள்ளிக்கும் அந்த வாரம் முழுக்க பஸ்ஸில் அலைந்தேன். வியாழக்கிழமை கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு எரிந்தது. திரையில் தலை கலைந்து, கண் சிவந்து ஒரு பெண் என்னை முறைத்தாள். அடையாளம் தெரிய ஒரு நொடி ஆனது.

குவைத்தில் என் கணவருக்கு வெள்ளிக்கிழமை லீவு. சனிக்கிழமை கையெழுத்து.

வெள்ளிக்கிழமை காலையில் பின்கட்டில் வேலையை முடித்துவிட்டுக் கூடத்துக்கு வந்தால், அத்தை எல்லா ஏற்பாடும் செய்து முடித்திருந்தார். மாமாவுக்கு வெள்ளைச் சட்டை போட்டு, முகச்சவரம் செய்வித்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்த்தியிருந்தார். விழுந்த வலது பக்கம் சுவரின் இருட்டில் இருந்தது. வலது தோளில் போட்ட துண்டு நீளமாக இறங்கி மடியில் கிடந்த கையை முழுக்க மூடியிருந்தது. மாமா முதுகை நிமிர்த்தி, நல்ல பக்கத்தை முன்னால் காட்டி, போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். அத்தை என் பக்கம் திரும்பவே இல்லை. நான் எதற்காக இத்தனை நாள் அலைந்தேன் என்பது அவருக்குத் தொடக்கத்திலிருந்தே தெரிந்திருக்கிறது.

திரையில் அவர் வந்தார். இளைத்திருந்தார். கொஞ்ச நேரம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினோம், சிரித்தோம். "கேக்குதா?", "தெரியுதா?" என்பதிலேயே பாதி நேரம் போனது.

"அப்பா நல்லா இருக்காங்களேம்மா" என்றார் அவர். "பேச்சே ஒரு மாதிரியா இருக்குன்னு நான்தான் என்னென்னமோ நெனச்சு பயந்துகிட்டிருந்தேன்."

"பல்லுதான்பா" என்றார் அத்தை.

"அப்ப நாளைக்கு இதுல கையெழுத்துப் போட்டுடறேன்" என்று ஒரு காகிதத்தைத் தூக்கிக் காட்டினார். "ரெண்டு வருஷம் கண்ணை மூடிக்கிட்டு ஓட்டிட்டா கூரையும் போட்டுடலாம். என்னப்பா சொல்றீங்க?"

"போடுய்யா" என்றார் மாமா.

தஞ்சாவூருக்கும் திருக்காட்டுப்பள்ளிக்கும் கோயிலுக்கும் அலைந்து, இந்த மெஷினோடு மல்லுக்கட்டி, கடைசியில் இவர்களுடைய பொய்க்குப் படமும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். போனில் இருந்த சந்தேகத்தையும் போக்கிவிட்டேன். லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து போய்விடலாமா என்று இருந்தது.

"சரி, வைக்கிறேன். அப்பா, சிலுவை போடுங்க."

அப்படிச் சொல்லிவிட்டு அவர் நெற்றியைக் கேமராவுக்குக் கிட்டத்தில் கொண்டுவந்து, கண்ணை மூடிக்கொண்டார். திரை முழுக்க அவருடைய நெற்றி. ஓரத்தில் முடி ஏறத் தொடங்கியிருந்தது.

போன் என்றால் மாமா 'போட்டுட்டேன்யா' என்று சொல்லி முடித்திருப்பார். வாயைத் திறந்தார், நீட்டியிருந்த நெற்றியைப் பார்த்தார், சொல்லவில்லை. இடது கையால் துண்டை இழுத்துக் கீழே போட்டார். இடது கையால் வலது கையின் மணிக்கட்டைப் பிடித்து, மடியிலிருந்து தூக்கினார். கனமான எதையோ தூக்குவதுபோல் தோள் நடுங்கியது. அத்தை வேண்டாம் என்பதுபோல் கையை நீட்டி, பாதியில் நிறுத்திக்கொண்டார். மாமா அந்தக் கையைத் திரைக்குக் கொண்டுபோய், மடங்கிக் கிடந்த கட்டைவிரலை மகன் நெற்றியில் வைத்தார்.

அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். திறப்பதற்குள் கை இறங்கிவிடும், துண்டு ஏறிவிடும், நாளைக்குக் கையெழுத்து விழுந்துவிடும்.

"என்னங்க" என்றேன். "கண்ணைத் திறங்க."

அவர் நிமிர்ந்தார். படம் ஒரு தடவை உறைந்து, கட்டம் கட்டமாக உடைந்து, தெளிந்தது. மாமாவின் விரல் மேலிருந்து கீழே வந்து, குறுக்கே போகப் பாதியில் நின்றிருந்தது. ஒரு கையை இன்னொரு கை பிடித்துக்கொண்டிருப்பதை அவர் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"எப்பலேருந்துப்பா?"

அத்தை ஏதோ சொல்ல வந்தார். மாமா முந்திக்கொண்டார்.

"நாத்து விட்ட வாரம்யா."

இங்கே அறுவடை முடிந்து வைக்கோல்போரும் போட்டாகிவிட்டது. நடவு, களை, கதிர், அறுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் அவர் போனில் கேட்டிருக்கிறார், மாமா பதில் சொல்லியிருக்கிறார். அவர் உதடு அசைந்தது, கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது. அப்புறம் கையிலிருந்த காகிதத்தைப் பக்கத்துக் கட்டிலில் கவிழ்த்து வைத்தார்.

"மீதியையும் போடுங்கப்பா" என்று மறுபடி நெற்றியை நீட்டினார். இந்த முறை கண்ணை மூடவில்லை.